குடைக்குப் பின்னால் ஒரு பின்விளக்கு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வண்டியை வாங்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் எங்கள் கருத்துகளில் கலப்படம் இல்லாமல் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். வாங்கப் போகிறவன் மைலேஜ் கேட்பான், சர்வீஸ் செலவு கேட்பான், பார்க்கிங்கில் நிற்குமா என்று டேப் வைத்து அளப்பான். எங்களுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. முகப்பு எப்படி, பக்கவாட்டில் ஓடும் மடிப்பு எப்படி, கூரை பின்னால் அவ்வளவு சரிய வேண்டுமா என்பதோடு எங்கள் வேலை முடிந்தது.

வண்டி என்று நான் சொல்வது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொண்டுவரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சொகுசு கிராஸ்ஓவரை. காரைப் போல ஓடும், ஜீப்பைப் போல உயரமாக நிற்கும். விலை எங்கள் திருவேற்காடு ஃபிளாட்டைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று பேச்சு. ஃபிளாட்டில் சமையலறை இருக்கிறதே, அதனால் நியாயமான விலைதான் என்றாள் என் மனைவி.

வண்டியை அதுவரை யாரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. சாலையில் சோதனை ஓட்டம் விடும்போது உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழி போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, முன்னாலும் பின்னாலும் தடித்த துணியைக் கட்டித்தான் வெளியே அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் வடிவம் எவனுக்கும் தெரியக்கூடாது என்பதற்காக. அப்படிப் போர்த்திய வண்டியை யாரோ எங்கோ ஓடிப்போய் எடுத்த மங்கலான படங்கள் எங்களுக்கு வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு ஹெட்லைட்டின் ஓரத்தில் குரோமியம் சற்று அதிகமோ என்று நாங்கள் மாதக்கணக்கில் வாதிட்டோம். முகப்பைப் பற்றி என் மனைவியிடமும் ஒருமுறை கேட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் என் பெரியப்பா வீட்டுப் பெரிய அண்ணி கதவைத் திறக்கும்போது வைத்துக்கொள்கிற முகம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழுவில் அதை என் சொந்தக் கருத்தாகப் போட்டேன். நல்ல வரவேற்பு.

பெரிய சண்டை பின்விளக்கில்தான் வந்தது. இரண்டு மூலையிலும் தனித்தனியாக இரண்டு விளக்குகள் என்பது என் கட்சி. வண்டியின் அகலம் முழுக்க ஒரே சிவப்புக் கோடு என்பது என் மனைவியின் தம்பியின் கட்சி. அவனுக்குக் கொரட்டூரில் டைல்ஸ் கடை. நாள் முழுக்க டைல்ஸுக்கு நடுவே கோடு நேராக ஓடுகிறதா என்று பார்க்கிறவன், அதனால் கோடுகளைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமை இருப்பதாக நினைத்தான். எனக்கு அம்பத்தூரில் மென்பொருள் வேலை. மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அதனால் எல்லாவற்றைப் பற்றியும் பேச எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இதே சண்டை. "மாமா, பின்னால ஒரே கோடு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரிக்கும். கண்ண மூடிகினு சொல்றேன்," என்றான். கண்ணைத் திறந்துகொண்டு சொல்லேன் என்றேன். வார்த்தை வளர்ந்து ஒப்பந்தத்தில் வந்து நின்றது. யார் சொன்னது தப்போ அவர், இந்த வண்டிக்கு அடுத்த மாடல் வரும்வரை, எந்த வண்டியின் அழகைப் பற்றியும் குழுவிலோ வீட்டிலோ வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த மாடல் வரச் சாதாரணமாக ஏழெட்டு வருடம் ஆகும். சாட்சி என் மனைவி. யார் தோற்றாலும் தனக்கு லாபம்தான் என்று சொல்லி உடனே ஒத்துக்கொண்டாள்.

கேட்பவர்களுக்கு இது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. காலையில் பூந்தமல்லி சாலையில் அரைமணி நேரம் நகராமல் நிற்கும்போது, முன்னால் நிற்கிற வண்டியின் பின்பக்கத்தைப் பற்றி மனதுக்குள் நாலு வரி எழுதிக்கொள்வதில்தான் என் நாள் தொடங்கும். ஆபீசில் யாரும் என் கருத்தைக் கேட்பதில்லை. வீட்டில் எல்லாம் நான் சொல்லாமலே நடக்கிறது. வண்டி பேசுவதையும் பிடுங்கிவிட்டால் பேச எனக்கு வேறு எதுவும் கிடையாது. கைகுலுக்கியபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இதெல்லாம் நடக்கும்போது அப்பாவும் அதே ஹாலில்தான் இருந்தார், நாற்காலியில், பேப்பருக்குப் பின்னால். அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆவடியில் ராணுவத்துக்குப் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த குடும்பங்கள், எல்லா ஊர்ப் பேச்சும் கேட்கும். ஆனால் எந்த வீட்டு ஆணும் உள்ளே என்ன செய்கிறார் என்று பேசி நான் கேட்டதில்லை. வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. மற்றவர்கள் தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே உள்ளதை மட்டும் சொல்லாமல் இருந்தார்கள். அப்பா ஜாக்கிரதையாக, கேன்டீனில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் சேர்த்தே சொல்லாமல் இருந்தார்.

சோதனை ஓட்டத்துக்கு வண்டியை எடுத்தால் எங்கள் சமையலறை அலமாரியில் தட்டுகள் நடுங்கும். அம்மா ஒரு கையால் தட்டுகளைப் பிடித்துக்கொண்டே அப்பாவைப் பார்ப்பாள். லாரி போகுது என்பார் அப்பா. எங்கள் தெருவில் லாரி நுழைய முடியாது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். ஒரு குடியரசு தினத்தன்று டிவியில் அணிவகுப்பு ஓடியது. வண்டிகள் வரிசையாக வந்தபோது, இதில் உங்கள் கை பட்டது எது என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். அப்பா எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா அப்புறம் கேட்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அவள் போய்விட்டாள், அதன் பிறகுதான் அப்பா எங்களோடு வந்து இருக்கிறார். தன் புருஷன் என்ன வேலை செய்தார் என்று தெரியாமலே அவள் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. எனக்கும் தெரியாது என்பது அடுத்த வருத்தம். வண்டி செய்யும் இடத்தில் ஆயுசைக் கழித்த மனிதர் ஒரு வண்டியைப் பற்றியாவது நல்லாருக்கு, நல்லால்ல என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒப்பந்தம் போட்ட சில நாட்களில் வேப்பம்பட்டில் அப்பாவின் பழைய சகா ஒருவர் வீடு கட்டிக் குடிபோனார். விசேஷத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். கிழவர்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, முப்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவர்கள், சர்க்கரை அளவைப் பற்றி மட்டும் பேசிவிட்டுச் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

திரும்பும் வழியில் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். நல்ல வெயில். அப்பாவுக்கு அப்போதுதான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் எங்கே போனாலும் கறுப்புக் குடை கையில் இருக்கும். கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் நடக்கிறேன் என்று சாலை ஓரமாகப் போனார். நான் டீக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், எங்களைப் பார்த்த முகமாக, அது நின்றுகொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைச் சுழி. முன்பக்கம் துணி. பின்சக்கரம் ஒன்று பஞ்சர்.

மாதக்கணக்கில் மங்கலாகவே பார்த்த ஒன்று டீக்கடைப் பக்கத்தில் தெளிவாக நின்றால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சொன்ன டீ மறந்தேபோனது. வண்டியோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டிரைவர், உள்ளூர்க்காரர். இன்னொருவர் இளவயசு இன்ஜினியர், தமிழ் தெரியாதவர், போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ஜாக்கி பின்னால் டிக்கிக்குள் இருந்தது. டிக்கியைத் திறப்பதற்குப் பின்பக்கத் துணியை அவிழ்த்தாக வேண்டும். டிரைவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நான் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்று நடந்தேன். வண்டியின் பக்கவாட்டைத் தாண்டிப் பின்னால் வளைந்தபோது துணி முழுக்கக் கீழே விழுந்திருந்தது. போனை உயர்த்தினேன். அப்பா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் போனைப் பார்த்தார். பிறகு குடையை விரித்து, விளக்கு இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

இடப்பக்கம் நகர்ந்தேன். குடையும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் போனேன், அங்கேயும் வந்தது. சக்கரத்தை மாற்றி முடிக்கும்வரை அப்பா அசையவில்லை, டிக்கியை மூடித் திறக்கும்போது மட்டும் அரை அடி பின்வாங்கிக் குடையை உயர்த்திக்கொண்டார். தங்களுக்கு நிழல் கொடுக்கத்தான் ஒரு பெரிய மனுஷர் இப்படி நிற்கிறார் என்று அந்த இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். இன்ஜினியர் கைகூப்பினார். "வெயில்ல எம்மா நேரம் நின்னுகினு கீறீங்க ஐயா, போய் ஒக்காருங்க," என்றார் டிரைவர். பரவால்ல, வேலைய முடிங்க என்றார் அப்பா. துணியை மறுபடி கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் குடையை மடக்கினார். முடிச்சு ஒன்று தளர்வாக இருந்தது, அதையும் காட்டிக் கொடுத்து இறுக்கச் சொன்னார்.

காருக்குள் உட்கார்ந்ததும் கையை நீட்டிப் போனைக் கேட்டார். என்னிடம் இருந்தது மொத்தமும் குடைப் படம்தான். அதையும் அழிக்கச் சொன்னார்.

"இது பொது ரோடுப்பா."

"ரோடு பொது. வண்டி அவங்களுது. மூடி வச்சிருக்காங்கன்னா பாக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

அழித்தேன். அழித்தது வேறு ஒரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்குமே, அதையும் எடு என்றார். அப்படி ஒரு இடம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பட்டாபிராம் வரும்வரை தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பெற்ற பிள்ளை பக்கம் நிற்காமல், பேர் தெரியாத கம்பெனிக்காரன் பக்கம் போய் நின்ற மனிதரை என்ன சொல்வது. அப்புறம்தான் உறைத்தது. அந்த விளக்கை ஒரு முழம் தூரத்தில் நின்று, ஒரு சக்கரம் மாற்றும் நேரம் முழுக்கப் பார்த்தவர் இந்த ஊரிலேயே ஒருவர்தான், அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஒண்ணா, ரெண்டாப்பா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலியே," என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் தம்பிக்குச் சொல்லிவிட்டாள். அந்த வாரமே அவன் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, கண் ஆபரேஷனைப் பற்றி உருக்கமாக விசாரித்தான். அடுத்த வாரம் பலாச்சுளை. அப்பா முறுக்கையும் தின்றார், சுளையையும் தின்றார், டைல்ஸ் வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டார். மனைவி மட்டும் நேராகவே கேட்டுப் பார்த்தாள். அவங்க வண்டிம்மா, அவங்க வாயால சொல்லட்டும் என்று அவளுக்குப் பதில்.

என் நிலைமைதான் கொடுமை. விடை தெரிந்த மனிதரை எதிரில் வைத்துக்கொண்டே நான் குழுவில் இரண்டு விளக்கு, இரண்டு விளக்கு என்று முன்னைவிட அதிகமாக எழுதினேன். சத்தமாகப் படித்தும் காட்டினேன். ஏதாவது ஒரு இடத்தில் அப்பாவின் புருவம் அசைகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். அசையவில்லை. நான் சொல்வது சரியாக இருக்கப்போய்த்தான் சும்மா இருக்கிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். தன் பிள்ளை ஊரறிய முட்டாளாவதை எந்த அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

வெளியீடு ஒரு வேலைநாளில், மதிய நேரத்தில். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்குச் சொன்னேன். மச்சான் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்தான். டிவியில் பெரிதாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். மேடையில் புகை. கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் உணர்வு, பயணம், மனித மனம் என்று வண்டிக்குச் சம்பந்தமில்லாத பலவற்றைப் பேசினார். அப்பா பேப்பரோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பட்டுத்துணி விலகியது. முதலில் முகப்பு. என் பெரிய அண்ணியேதான். மேடை மெதுவாகச் சுற்றியது. பக்கவாட்டு வந்தது, பின்சக்கரம் வந்தது, பிறகு பின்பக்கம்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சிவப்புக் கோடு.

மச்சான் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. என் தோளில் ஒருமுறை தட்டினான், அவ்வளவுதான். ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள், போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இத்தன நாளா நான் ரெண்டுன்னு கத்திக்கிட்டு இருந்தேன்."

"கேட்டேன்."

பேப்பரை நாலாக மடித்து ஓரத்தில் வைத்தார். "இப்ப பேசலாம்," என்றார்.

பேசினார். என் வாழ்க்கையில் அப்பா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோடு நல்ல யோசனைதான், ஆனால் டிக்கிக் கதவு மூடும் இடத்தில் அது மூன்று துண்டாகிறது, துண்டுகள் ஒரே மட்டத்தில் சேர வேண்டும் என்றார். சாலையில் பார்த்த வண்டியில் இடப்பக்கத் துண்டு நூலளவு கீழே இறங்கியிருந்ததாம், மேடையில் நிற்பதில் சரிசெய்துவிட்டார்களாம், அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. அந்தக் கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது. கூரைச் சரிவு வீண், பின்னால் உட்காருகிறவன் தலை இடிக்கும் என்றார். கதவின் கைப்பிடி உள்ளே ஒளிந்துகொள்கிறதே, ஏதாவது ஆபத்து என்றால் உள்ளே இருப்பவன் எப்படி அவசரமாக வெளியே வருவான் என்று உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் முகப்புக்கு வந்தார்.

"எதுக்கு இவ்ளோ மொறைக்குது? நெஜமாவே பயமுறுத்தற வண்டிக்கு மூஞ்சியே தேவையில்ல."

இதில் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கூரைச் சரிவைப் பற்றி அவர் சொன்னது தப்பு. நான் வாயைத் திறந்தேன், மச்சான் விரலை உயர்த்தினான். மூடிக்கொண்டேன். அவர் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் எனக்குள் போய் ஒட்டிக்கொண்டது. மூஞ்சி இல்லாத வண்டி எது என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு கேள்வி கேட்கலாமா, அது இந்த ஒப்பந்தத்தில் வராத வண்டி என்றேன். மனைவி சமையலறை வாசலில் நின்று அனுமதித்தாள்.

"நீங்க செஞ்ச வண்டியில உங்க வேல எதுப்பா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

அப்பா டிவியைப் பார்த்தார். மேடையில் வண்டி இரண்டாவது சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

"அது இன்னும் லாஞ்ச் ஆகலப்பா," என்றார்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். கடையில் லோடு வந்திருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் கிளம்பியும் போனான். மனைவி மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டாள். ஹாலில் நானும் அப்பாவும் மட்டும். டிவியில் அந்த வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் எனக்குப் புதிதாக ஒரு குறை தெரிந்தது. சக்கரத்தின் ஆரங்கள் சரியில்லை. நம்பர் பிளேட் வைக்க விட்ட இடம் அளவுக்கு மீறிக் கீழே இருந்தது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன், ஞாபகம் வரும், மூடுவேன். அப்பா இதைக் கவனித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"மொதல்ல கொஞ்ச வருஷம் தொண்டையிலயே நிக்கும். அப்புறம் பழகிடும்."

ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பேப்பரைப் பிரித்தார். படிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"உங்கம்மாகிட்ட சொல்லாம இருந்தது மட்டும் பழகவே இல்ல," என்றார்.